மலைப்பக்கம் கால் நீட்டிய மாமா

கொழும்பிலிருந்து நான் தென்காசிக்குப் போனது குற்றாலத்தில் குளிப்பதற்காக அல்ல. செத்துப்போன மாமாவைத் திருப்பிப் படுக்க வைப்பதற்காக. எழுத்தில் பார்க்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. புறப்படும்போது என்னவோ அது சாதாரண வேலையாகத்தான் தெரிந்தது. சொன்னது ஞானப்பூ அத்தை. அவள் வாயிலிருந்து வந்தால் மலையைத் தூக்குவதும் கடைக்குப் போய்ப் பாண் ரொட்டி வாங்கி வருவது போலத்தான் இருக்கும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவள் புருஷன் பாக்கியநாதன் மாமா, புறக்கோட்டையில் குடைக்கடை வைத்திருந்தார். குடை விற்பதைவிடப் பழுது பார்ப்பதில்தான் அவருக்கு ஆசை. பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் குடைகள் விட்டம் முழுக்க வௌவால் மாதிரித் தொங்கும். ஒவ்வொன்றின் காம்பிலும் சொந்தக்காரர் பெயர் எழுதிய அட்டை. "வித்துத் தொலைச்சா என்ன?" என்று அத்தை கேட்பாள். "உடையவன் வருவான்" என்பார் மாமா. யாரும் வந்து நான் பார்த்ததில்லை. மாமா மட்டும் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, விரித்துப் பார்த்து, எண்ணெய் போட்டுத் திரும்ப மாட்டுவார்.

வருஷம் தவறாமல் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு ஓடிவிடுவார். அத்தைக்கு முழங்கால் வலி, அதனால் தனியாகத்தான் போவார். ஒரு வருஷம் போனவர் திரும்பவில்லை. பலாப்பழம் தின்று, அருவியில் குளித்து, தலையைத் துவட்டிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று தந்தி வந்தது. தென்காசியிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். சில மாதம் கழித்து அந்தச் சபையிலிருந்து ஒரு கடிதமும் கல்லறைப் படமும் வந்தன. கடிதத்தை அத்தை படித்தாள், மடித்தாள், ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். படத்தை மட்டும் என்னிடம் நீட்டினாள்.

"சிலுவை எங்க இருக்கு?"

"முன்னால."

"அதுக்குப் பொறத்தால?"

"மண்மேடு. அதுக்கும் பின்னால மலை."

"மலை மேக்க இருக்கு. நான் பொறந்த சீமை, எனக்குத் தெரியாதா? சிலுவையத் தலைமாட்டுலதான் நடுவாக. அப்பம் தலை கிழக்க, காலு மேக்க. மாத்திப் படுக்க வச்சிட்டானுவ பாவிமட்டைக."

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. கடைசி நாளில் கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார். எக்காளச் சத்தம் கேட்டுக் கல்லறையில் எழுந்து உட்காருகிறவனுக்கு முதலில் அவர் முகம் தெரிய வேண்டும். அதற்காகத்தான் தலையை மேற்கேயும் காலைக் கிழக்கேயும் வைத்துப் புதைப்பது. மாமாவோ எழுந்ததும் மலையைப் பார்ப்பார். மலையில் அருவி இருக்கிறது. அருவியைக் கண்டால் அவருக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது.

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் வண்டி ஏறும்போது அத்தை ஜன்னலோரம் வந்து, தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னாள்.

"கர்த்தர் மன்னிச்சிருவாரு. எனக்குத்தான் மனசு ஆறல. கல்யாணம் ஆன நாள்லருந்து அவுக பத்தடி முன்னால, நான் பின்னால. கடைக்கும் அப்படி, கோயிலுக்கும் அப்படி. முதுகையே பாத்து நாப்பது வருஷம் போச்சு. எந்திரிக்கிற அன்னைக்காவது மொகத்தப் பாக்கணும்லா? கொழும்பு அங்கனருந்து தெங்கிழக்கு. நான் இங்கனருந்து போனா, அன்னைக்கும் முதுகுதான்."

அவள் அழவில்லை. திருப்பிப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ரயிலில் பாதி தூரம் வந்த பிறகுதான், எப்படித் திருப்புவது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

தென்காசியில் இறங்கியபோது வெயிலும் அடித்தது, தூறலும் விழுந்தது. கொழும்பு மழைக்கு ஒளிவுமறைவு கிடையாது, வந்தால் குடலைக் கழுவிவிட்டுப் போகும். இங்கே சாரல் யாரையோ தேடி வந்த மாதிரி முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனது. இடி விழுந்து பிளந்த கோயில் கோபுரம், அதன் பின்னே மேகம் மூடிய மலை. ஜட்கா வண்டிக்காரர் ஒரு பாய். கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றேன்.

"போலாம், ஏறுங்க" என்றார்.

வண்டி நல்ல வேகத்தில் போனது. வயலும் தோப்பும் வந்தன, மலை கிட்டே வந்தது, ஹோவென்று ஒரு சத்தமும் வந்தது. பார்த்தால் பேரருவிக்கு முன்னால் நிற்கிறோம்.

"பாய், நான் கல்லறை கேட்டேன்."

"நீங்க கேட்டிய, நானும் சொன்னேன். குதிரை கேக்கணும்லா" என்றார் பாய். "சீசன்ல இது வேற எங்கயும் போவாது. கல்லறைக்குப் போற ஆள் இது வண்டியில ஏறுனதில்ல. அவுகள நாலு பேரு தூக்கிட்டுல்லா போவாக." பிறகு குதிரையைப் பார்த்து, "ஏலே, இவுக வேற சோலியா வந்திருக்காக" என்று விளக்கினார். குதிரை காதை ஆட்டியது. திரும்ப மறுத்துவிட்டது.

நான் வெள்ளைக் கோட்டும் கால்சட்டையும் போட்டிருந்தேன், ஈமக் காரியமாக வந்த மரியாதைக்கு. சாரலில் அது உடம்போடு ஒட்டிப் போயிற்று. அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிற ஆள் ஒருவர் என்னைப் பிடித்துக் கல்லில் உட்கார வைத்தார். நான் வேண்டாம் என்பதற்குள் தலையில் அரைப்படி எண்ணெய் இறங்கிவிட்டது.

"இங்கன குளிச்சா செத்த உடம்பும் எந்திரிச்சிரும் சார்" என்றார் அவர்.

"எங்க மாமா இங்கே குளித்துவிட்டுத்தான் செத்தார்" என்றேன்.

"எண்ணெ தேச்சாகளா?"

"தெரியாது."

"அதான்" என்றார், என் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டு.

அருவியின் அடியில் நின்றபோது மாமாவை எனக்குப் புரிந்தது. தண்ணீர் தலையில் அடிக்கிற அடியில் பெயர் மறந்தது, வந்த காரியம் மறந்தது, அத்தை மறந்தாள். வெளியே வந்து மங்குஸ்தான் வாங்கித் தின்றேன். களுத்துறை மங்குஸ்தான் இதைவிடப் பெரியது. ஆனால் குளிர் நடுக்கத்தோடு தின்பதற்கு இதுதான் சரி. அன்று கல்லறைக்குப் போக முடியவில்லை.

மறுநாள் நடந்தே போனேன். குதிரையை நான் நம்பவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெரியவர் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். வேதமுத்து அண்ணாச்சி. அந்தச் சபைக்குக் கோயில்குட்டியார். அதாவது மணி அடிப்பது, கோயிலைக் கூட்டுவது, குழி வெட்டுவது எல்லாம் அவர்தான். போதகரை அங்கே ஐயர் என்பார்கள். இருபது ஊருக்கு ஒரே ஐயர் என்பதால், அவர் மாதத்தில் ஒரு ஞாயிறு தலைகாட்டுவார். மற்ற நாளெல்லாம் சபை அண்ணாச்சியின் மணியில்தான் ஓடியது.

பாக்கியநாதனின் மருமகன் என்று சொன்னதும் அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரு கையும் கூப்பினார்.

"ஐயரவாள் மருமவனா? ஸ்தோத்திரம் தம்பி. மொகஜாடை அப்படியே இருக்கு."

எனக்கும் மாமாவுக்கும் ரத்தத் தொடர்பே கிடையாது. அது போகட்டும். ஐயர் என்று யாரைச் சொல்கிறார்? கிழக்குச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனார். மற்ற எல்லாக் கல்லறையும் ஒரு திசை, மாமாவுடையது மட்டும் எதிர்த்திசை. வெள்ளையடித்த சிலுவையில் 'கனம் பாக்கியநாதன் ஐயர், கொழும்பு' என்று எழுதியிருந்தது.

குடைக்கார மாமா எப்போது குருப்பட்டம் வாங்கினார்? பெயரை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"சனங்க எந்திரிச்சா கிழக்க பாப்பாக" என்று விளக்கினார் அண்ணாச்சி. "ஐயருமாரு எந்திரிச்சா சனத்தப் பாக்கணும். அன்னைக்கும் அவுகதானே மந்தைய ஒழுங்கா நிறுத்தி ஒப்படைக்கணும்? அதனால அவுகளுக்குத் தலமாடு கிழக்க. வழமையே அப்படித்தான்."

"அண்ணாச்சி, மாமாவைத் திருப்ப வேண்டுமே" என்றேன்.

"திருப்பணுமா? தோசையா தம்பி திருப்புததுக்கு?"

அத்தை சொன்னதைச் சொன்னேன். சபைக் கமிட்டிக்கு மனு எழுதிக் கொடுக்க வேண்டும், அதில் காரணம் காட்ட வேண்டும், காரணத்தைக் கமிட்டி ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அசனம், சபை முழுக்கச் சேர்ந்து சாப்பிடுகிற நாள், ஐயரும் வருவார், அங்கேயே கொடுக்கலாம். தென்காசியில் எடுத்திருந்த அறைக்குத் திரும்பி மனு எழுத உட்கார்ந்தேன். எழுதக்கூடிய காரணம் ஒன்றுதான் இருந்தது. மேற்படியார் ஐயர் அல்ல, குடை ரிப்பேர்க்காரர். எழுதி, மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, இட்லியை மிளகாய்ப்பொடியில் புரட்டிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி ஓட்டலுக்கே வந்துவிட்டார். எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மனுவுல என்ன எழுதியிருக்கியன்னு தெரியும் தம்பி. அவுக ஐயரு இல்ல. அதானே?"

எனக்குப் புரையேறியது.

"குத்தாலத்துல ஒரு பங்களா இருக்கு. ஐயருமாரு மாதிரி சபை ஊழியக்காரருக்கு மட்டுந்தான் ரூம் குடுப்பாக. சீசன்ல வேற எங்கயும் எடம் கெடைக்காது. உங்க மாமா ஐயருன்னு சொல்லி ரூம் வாங்கிட்டாக. அவுக கெட்ட நேரம், எங்க ஐயரு இல்லாத ஞாயித்துக்கெழம பாத்துப் பங்களாக்காரன் அவுகளப் பிரசங்கத்துக்குக் கூட்டியாந்துட்டான்."

"உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"ஏழு நிமிசத்துல முடிச்சாக தம்பி. நாப்பது வருசமா பிரசங்கம் கேக்கேன். ஐயருன்னா 'கடைசியாக'ன்னு சொன்ன பொறவு அரைமணி நேரம் பேசணும். இவுக 'கடைசியாக'ன்னாக, நெசமாவே முடிச்சிட்டாக. அப்பமே தெரிஞ்சுக்கிட்டேன்."

"தெரிந்துமா ஐயராகப் புதைத்தீர்கள்?"

அவர் என் சட்னியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "செல்லக்கனி டீச்சருக்காவ. அவுகளப் போயிப் பாருங்க. ஆனா இத மட்டும் சொல்லிராதிய. அவுக உங்க மாமாவ முழு ஐயருன்னு நம்பியிருக்காக. தெரிஞ்சா அந்த மனுசி தாங்கமாட்டா."

செல்லக்கனி டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். ஐயர் மருமகன் வருகிறார் என்று உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்திருந்தார். நான்கு பிடி உள்ளே போன பிறகு வயிறு என்னை மனுவைக் கிழித்துப் போடச் சொன்னது. "நாளைக்கு இருந்தா சொதி வைப்பேன்" என்றார். எங்கள் கொழும்பில் சொதி என்பது இடியப்பத்தின் மேல் ஊற்றும் தண்ணீர்ப்பால். இங்கே அது கல்யாண மறுவீட்டு விருந்து. இருந்துவிடுகிறேன் என்றேன்.

டீச்சரின் கணவர் அதே பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசில் ஊதி ஊரையே எழுப்புகிறவர், தான் தூங்கினால் மட்டும் லேசில் எழமாட்டார். டீச்சர் காதுக்குள் கத்த வேண்டும். மாமா செத்ததற்கு முந்திய வருஷத்துச் சாரலில் குளிக்கப் போனவரைத் திடீரென்று வந்த வெள்ளம் கொண்டு போய்விட்டது. பாறை மேல் வைத்திருந்த சட்டையும் குடையும்தான் கிடைத்தன.

"உடம்பு இல்லாம அடக்கம் கெடையாதுன்னு கமிட்டியில சொல்லிட்டாக" என்றார் டீச்சர். "நாளைக்கே உசுரோட வந்துட்டா என்ன செய்யன்னு கேட்டாக. வருவாக வருவாகன்னு கதவத் தொறந்து வச்சு ஒரு வருசம். தாலியக் கழட்டவா வேண்டாமா, வெள்ளை உடுத்தவா வேண்டாமா, ஒண்ணும் தெரியல தம்பி. அப்பத்தான் உங்க மாமா வந்தாக. உடம்பக் கண்டுபிடிக்கது கர்த்தரு வேலை, அடக்கம் பண்ணுதது நம்ம வேலை, குடையக் கொண்டான்னு சொல்லிட்டாக."

பள்ளிக்கூடத்தில் தேசப்படம் சுருட்டி வைக்கிற நீளமான தேக்குப் பெட்டியில் சட்டையையும் குடையையும் வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். அங்கும் மாமா ஏழு நிமிஷம் பேசினாராம்.

"கொழும்புல ஒரு குடைக்காரன் இருக்கான்னு சொன்னாக. ரிப்பேருக்குக் குடுத்தவன் வராட்டியும் அந்தக் குடைய விக்கமாட்டானாம். எண்ணெ போட்டு, பேரு எழுதி வச்சிருப்பானாம். கேவலம் ஒரு குடைக்காரனே அப்படி வச்சிருந்தா, கர்த்தரு உம் புருசனத் தொலச்சிருவாரா தாயின்னு கேட்டாக. அன்னைக்கு ராத்திரிதான் நான் கதவச் சாத்திப் படுத்தேன்."

உத்திரத்துக் குடைகளுக்கு மாமா எண்ணெய் போடுவதைப் பார்த்து நான் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்.

"எங்க சாரு எழுப்பாம எந்திரிக்கமாட்டாகளே, எக்காளம் காதுல விழுகணுமேன்னு கேட்டேன். நான் பக்கத்துல வந்து படுத்தா காதுல கத்தி எழுப்புதேன் தாயின்னு வாக்குக் குடுத்தாக. பதிமூணாம் நாளு போயிட்டாக. அதான் கமிட்டியில சண்டை போட்டு, குடைக்கு நேர் எதுர அவுகளப் படுக்க வச்சேன். இங்க பாத்துட்டு இருந்தாத்தானே எழுப்ப முடியும்?"

நான் கை கழுவ எழுந்தபோது டீச்சர் செம்பை நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அவுக ஐயரு இல்லன்னு எனக்குத் தெரியும் தம்பி."

கழுவிய கையையே மறுபடி கழுவினேன்.

"பொதைக்கிறதுக்கு முந்தி குடைய வாங்கி விரிச்சாக. ஒரு கம்பி ஒடிஞ்சிருந்து. ஒடிஞ்ச கம்பியோட எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லி, பையிலருந்து குறடும் பித்தளைக் கம்பியும் எடுத்துக் கட்டினாக. எந்த ஐயரு அங்கிப் பையில குறடு வச்சிருப்பாரு? எனக்கு அதுபோதும், ஐயரு வேண்டாம். ஆனா நம்ம வேதமுத்து அண்ணாச்சிட்ட மட்டும் சொல்லிராதிய. ஐயருமாருக்குக் குழி வெட்டினதுதான் அவுகளுக்குப் பெருமை. தெரிஞ்சா ஒடஞ்சு போவாக."

ஞாயிற்றுக்கிழமை அசனம். பந்தலில் பனையோலைப் பட்டைகளில் சோறு, அதன் மேல் ஆட்டுக்கறி. அசல் ஐயரும் வந்திருந்தார், களைத்த நல்ல மனிதர். சாப்பாட்டுக்கு முன் கமிட்டிக்காரர் ஒருவர், கனம் பாக்கியநாதன் ஐயர் மருமகன் ஏதோ மனு கொடுக்க வந்திருக்கிறார் என்று அறிவித்து என்னை எழுப்பி நிறுத்தினார்.

பையில் மனு இருந்தது. சபை முழுக்க என்னைப் பார்த்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து அண்ணாச்சி 'வேண்டாம்' என்று கண்ணைக் காட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து டீச்சரும் அப்படியே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிடாதபடி கவனமாக இருந்தார்கள். கொழும்பில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அத்தையை நினைத்தேன். கையில் அடித்துக் கொடுத்த சத்தியத்தையும் நினைத்தேன்.

"மாமா படுத்திருக்கும் விதம்..." என்று தொடங்கினேன். "எங்கள் குடும்பத்துக்குத் திருப்தி."

சபை "ஆமென்" என்றது. ஐயர் தலையசைத்தார். என் பட்டையில் இன்னும் இரண்டு கரண்டி கறி விழுந்தது. அதைத் தின்றேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கொழும்புக்குத் திரும்பி, அத்தையின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பங்களா, ஏழு நிமிஷம், குறடு, டிரில் மாஸ்டர். கடைசியில், "மாமா ஐயர் என்று பொய் சொல்லியிருக்கிறார், அத்தை" என்றேன். அவள் அடிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

அத்தை ரவிக்கைக்குள்ளிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்துப் போட்டாள். முதல் வரியிலேயே 'கனம் ஐயரவர்கள்' என்று இருந்தது.

"எனக்குத் தெரியாதா? கல்யாணம் முடிஞ்ச வருசம் என்னையும் அந்தப் பங்களாவுலதான் கொண்டு வச்சாக. மூணு நாளு நான் ஐயரம்மா. ஒரு கிழவி வந்து கால் வலிக்கு செபம் பண்ணச் சொன்னா. பண்ணினேன். அவ வலி போச்சு, எனக்கு வந்துட்டு."

"பிறகு ஏன் என்னை அனுப்பினீர்கள்?"

"நீ போயித் திருப்பிருவேன்னு நெனச்சேன். அங்க உள்ளவுக மனசப் பாத்து விட்டுட்டு வர்ற அளவு உனக்கு ஈரமில்லன்னுல்லா நெனச்சிருந்தேன்" என்றாள். பிறகு கல்லறைப் படத்தைத் தலைகீழாகப் பிடித்தாள், நேராகப் பிடித்தாள், கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏலே" என்றாள் கடைசியில். "முதுகுதானே தெரியுதுன்னு நாப்பது வருசமா பின்னாலயே போனேனே. ரெண்டு எட்டு வேகமா வச்சு, முன்னால போயித் திரும்பி நின்னுருந்தா மொகம் தெரிஞ்சிருக்கும்லா? இந்தச் சின்ன விசயம் எனக்குத் தோணவே இல்ல பாத்தியா."

மாமாவுக்கு எதிரே, மேற்கே தலை வைத்து, தான் படுக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். அப்படிப் படுத்தால் எழுந்ததும் மாமாவையும் பார்க்கலாம், அவர் தோளுக்குப் பின்னால் வருகிற கர்த்தரையும் பார்க்கலாம். அதற்குத் தென்காசியில் சாக வேண்டும். அடுத்த சாரலுக்கே, சாவதற்காகக் குற்றாலம் போய்ச் சேர்ந்தாள். அங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்ததில் முழங்கால் வலி போய்விட்டது.

எட்டு வருஷம் இருந்தாள். செல்லக்கனி டீச்சர் வீட்டில்தான். ஊர் அவளை ஐயரம்மா என்றது, அவள் மறுக்கவில்லை. டீச்சருக்கும் அவளுக்கும் அந்த எட்டு வருஷமும் ஒரே சண்டை. மாமாவுக்கு நேர் எதிரே படுத்திருப்பது குடை. அந்த இடம் தனக்கு வேண்டும் என்பாள் அத்தை. நகர்த்தினால் எங்க சாருக்குக் குரல் எட்டாது என்பார் டீச்சர். இருவரும் தனித்தனியே எனக்குக் கடிதம் எழுதி நியாயம் கேட்பார்கள். ஒரே தபால் உறையில்தான் இரண்டும் வரும்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு மறுவருஷம், அத்தை படுத்துவிட்டாள் என்று டீச்சரின் தந்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு இருந்தது. மூன்றாம் நாள் அதுவும் போயிற்று. எனக்கு அவளைவிட்டால் வேறு யாரும் கிடையாது. அடுக்களையில் போய் நின்று அழுதேன்.

டீச்சர் அழுது முடித்துவிட்டு வந்து, வேதமுத்து அண்ணாச்சியிடம் சொன்னார். "குடைய ஒரு முழம் தள்ளி வைங்க. ஐயரம்மா நேர் எதுரவே படுக்கட்டும். சத்தமாக் கத்தினாக் கேட்கும்."

காலையில் அண்ணாச்சி வெட்டினார். எழுபதைத் தாண்டிய மனிதர், மூச்சு வாங்கிக்கொண்டேதான் வெட்டினார். தேக்குப் பெட்டி முழுசாக வந்தது. மூடியைத் திறந்ததும், சட்டை மண் நிறத்தில் மடிந்து கிடந்தது. குடை அப்படியே இருந்தது. எடுத்து விசையை அழுத்தினேன். முதலில் அசையவில்லை. கொஞ்சம் ஆட்டி, மறுபடி அழுத்தினேன். முனகிக்கொண்டே விரிந்தது. துணி அங்கங்கே கிழிந்திருந்தது, கம்பிகளெல்லாம் துரு. ஒரு இடத்தில் மட்டும் பித்தளைக் கட்டு மஞ்சளாகப் பளபளத்தது. அப்போதுதான் சாரல் விழத் தொடங்கியிருந்தது.

டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்தார். "எழுப்பினா எந்திரிப்பாகன்னு நான் சொன்னேம்லா" என்றார்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மடக்கி, பெட்டியில் வைத்து, ஒரு முழம் தெற்கே இறக்கினோம். மத்தியானம் அத்தையை மேற்கே தலையும் கிழக்கே காலுமாக இறக்கினோம். எல்லோரும் மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். மாமாவின் கால்மாட்டுக்கும் அத்தையின் கால்மாட்டுக்கும் நடுவே நான் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தேன்.

வேதமுத்து அண்ணாச்சி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, அங்கன நடுவுல நிக்காதிய" என்றார். "மறைக்குதுல்லா."

நான் விலகி நின்றேன்.